ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் மீட்டர்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் முழுதாக நிற்கும் நாட்கள் வருடத்தில் மிகக் குறைவு. தீபாவளி விடுமுறை அதில் ஒன்று. ரிங் ஃபிரேம்கள் ஓய்ந்துவிடும். ஷெட்டுக்குள் ஆள் பேசினால் பேச்சு கேட்கும். அந்த அமைதிக்காகவே காத்திருந்து வருபவர் எனர்ஜி ஆடிட்டர். வந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள்.

காற்று கேட்கும் மெஷின் எதுவும் ஓடவில்லை. ஆகவே குழாய்களில் அழுத்தம் நிரம்பியதும் கம்ப்ரசர் அன்லோடுக்குப் போய் அப்படியே இருக்க வேண்டும். இருப்பதில்லை. ஏழு நிமிடம் கழித்து மறுபடி லோடு எடுக்கிறது. மூன்று நிமிடம் காற்றை அடைத்துவிட்டு அன்லோடுக்குத் திரும்புகிறது. மறுபடி ஏழு நிமிடம். ஆடிட்டர் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு ஐந்தாறு சுற்றுக்கு இந்த நேரங்களை எழுதிக்கொள்கிறார். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடு என்றால், அந்தக் கம்ப்ரசரால் தர முடிந்த காற்றில் 30 சதவீதம் யாருக்கும் பயன்படாமல் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அதை ரூபாயாக மாற்றிப் பார்க்கலாம். 50 எச்.பி. கம்ப்ரசர் என்றால் சுமார் 37 கிலோவாட். அதில் 30 சதவீதம் 11 கிலோவாட். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 88,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 6 லட்சம் ரூபாய்க்கு மேல். இவ்வளவும் தேய்ந்த ஹோஸ்களிலும், தளர்ந்த இணைப்புகளிலும், சரியாக மூடாத டிரெயின் வால்வுகளிலும் 'உஸ்' என்று போகிற காசு. மில் ஓடும்போது அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஏறத்தாழ 3 கிலோவாட்டைத் தின்றுவிடும் என்று இத்துறையின் பாடநூல்களில் அட்டவணையே இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்க அல்ட்ராசானிக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷும் போதும். நுரை கிளம்பும் இடத்தில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்த இணைப்புக்குப் போகலாம்.

இப்படிப்பட்ட மில்லின் முதலாளி ஒவ்வொரு மாதமும் கரண்ட் பில்லைத் தவறாமல் கட்டியவர்தான். பில் எவ்வளவு என்று சொல்லும். எங்கே, எப்போது, எதற்கு என்று சொல்லாது. அந்த மூன்று கேள்விகளுக்கும் கருவி வைத்து அளந்து விடை தேடுவதே எனர்ஜி ஆடிட் என்கிற மின்சாரத் தணிக்கை.

பில்லிலும் படிக்க நிறைய இருக்கிறது, படிக்கத் தெரிந்தால். வீட்டு மின்கட்டணம் யூனிட் கணக்கோடு முடிந்துவிடும். எச்.டி. எனப்படும் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலை, மருத்துவமனை, கல்லூரி, ஐ.டி. அலுவலகம் ஆகியவற்றின் பில்லில் யூனிட் ஒரு வரி மட்டுமே. இன்னொரு வரி டிமாண்ட். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கே.வி.ஏ. இழுத்தீர்கள் என்பதற்கான கட்டணம் அது. தமிழ்நாட்டில் கே.வி.ஏ. ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல். பதிவான உச்ச டிமாண்ட், அனுமதி வாங்கிய டிமாண்டில் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். விரிவாக்கம் வரும் என்று நம்பி 500 கே.வி.ஏ. வாங்கி வைத்த ஒரு நிறுவனம் எந்த மாதமும் 330-ஐத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அது கட்டுவது 450-க்கு. பயன்படுத்தாத 120 கே.வி.ஏ.-வுக்கு மாதம் 60,000 ரூபாய் குறையாமல் போகிறது. வருடத்துக்கு 7 லட்சத்துக்கு மேல். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூவைக் கூடத் திருக வேண்டாம். அனுமதிக்கப்பட்ட டிமாண்டைக் குறைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் போதும். ஆனால் அளவு தெரியாமல் குறைத்துவிட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டால், தாண்டிய டிமாண்டுக்கு இரட்டைக் கட்டணம். ஒரு வருடப் பில்கள் பன்னிரண்டையும் விரித்து வைத்துப் பார்க்காமல் எந்த ஆடிட்டரும் இந்த ஆலோசனையைச் சொல்ல மாட்டார்.

பில்லில் பவர் ஃபேக்டர் என்றொரு வரியும் இருக்கும்: இழுக்கும் கே.வி.ஏ.-வில் எவ்வளவு பயனுள்ள கிலோவாட்டாகிறது என்ற விகிதம். 0.90-க்குக் கீழே இறங்கினால் அபராதம். கெபாசிட்டர் பேங்க் கெட்டுப்போய்க் கிடந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது இந்த வரி. ஆலைகளுக்கு நேரக் கட்டணமும் உண்டு: காலையிலும் மாலையிலும் உச்ச நேரமாக வகுக்கப்பட்ட மணிகளில் வாங்கும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை 5 சதவீதத் தள்ளுபடி. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மாலை 6 மணிக்குப் போடுகிறீர்களா, இரவு 11 மணிக்குப் போடுகிறீர்களா என்பது அந்த வரியில் பணமாகத் தெரியும்.

இந்தியாவில் இந்த வேலைக்குச் சட்ட உருவம் கிடைத்தது எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியபோது. அடுத்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி மத்திய எரிசக்தித் திறன் பணியகம் உருவானது. துறையில் எல்லோரும் பி.இ.இ. என்றுதான் சொல்வார்கள். பி.இ.இ. முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று அரசாங்கத்தின் சொந்த வீடு. குடியரசுத் தலைவர் மாளிகை, பிரதமர் அலுவலகம், ரயில் பவன், சஞ்சார் பவன், எய்ம்ஸ் மருத்துவமனை, டெல்லி விமான நிலையம் போன்ற தலைநகரக் கட்டடங்களில் தணிக்கை நடந்தது. கட்டடத்துக்குக் கட்டடம் வேறுபட்டாலும் 23 முதல் 46 சதவீதம் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்த முடியும் என்று தெரியவந்தது. நாட்டின் முதன்மையான அலுவலகங்களிலேயே நாலில் ஒரு பங்கு வீண் என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடிட்டர் ஆவதற்குத் தேசிய அளவில் தேர்வு இருக்கிறது. நான்கு தாள்கள். கொதிகலன், குளிர்சாதனம், மோட்டார், நிதிக் கணக்கு எல்லாம் அதில் வரும். தமிழ்நாட்டில் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மின் ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. சிமென்ட், உரம், காகிதம், ஜவுளி போன்ற துறைகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிசக்தி செலவழிக்கும் ஆலைகளுக்குத் தணிக்கை கட்டாயம். 2012-இல் தொடங்கிய 'பாட்' திட்டத்தின் முதல் சுற்றில் 8 துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு இலக்கு வைக்கப்பட்டது. இலக்கைத் தாண்டி மிச்சப்படுத்திய ஆலை சான்றிதழ் வாங்கி, எட்டாத ஆலைக்கு அதைச் சந்தையில் விற்கலாம். மூன்றாண்டு முடிவில் சுமார் 87 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி மிச்சமானதாகக் கணக்கு வந்தது.

பெரிய ஆலைகளைச் சட்டம் கவனித்துக்கொள்கிறது. கவனிப்பார் இல்லாமல் கிடப்பவை நடுத்தரக் கட்டடங்கள்: ஐந்து மாடி அலுவலகம், நூறு படுக்கை மருத்துவமனை, திருமண மண்டபம், பொறியியல் கல்லூரி. இங்கெல்லாம் ஆடிட்டர் செய்யும் முதல் வேலை, மெயின் பேனலில் பவர் அனலைசரை மாட்டிவிட்டு ஒரு வாரம் அப்படியே விடுவது. கேபிள்களைச் சுற்றிக் கொக்கி போல் மாட்டும் கிளாம்புகள் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்துச் சேமித்துக்கொண்டே இருக்கும். வாரக் கடைசியில் அது ஒரு கோட்டுப் படமாக வெளிவரும். அனுபவமுள்ள ஆடிட்டரின் கண் அந்தப் படத்தின் மேட்டுக்குப் போகாது, பள்ளத்துக்குத்தான் போகும்.

பகலில் 120 கிலோவாட் இழுக்கும் அலுவலகம் இரவில் எல்லோரும் போன பிறகு எவ்வளவு இழுக்க வேண்டும்? செக்யூரிட்டி விளக்கு, கேமரா, சர்வர் அறை. பத்து கிலோவாட்டுக்குள் அடங்கலாம். படத்தில் 30 நிற்கிறது. இரவு 8 முதல் காலை 8 வரை 12 மணி நேரம்; ஓர் இரவுக்கு 360 யூனிட்; வருடத்துக்கு 1,31,400 யூனிட். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வேறு. யார் அதைச் செலவழிக்கிறார்கள் என்று டார்ச்சும் மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டருமாக இரவு 11 மணிக்கு மாடி மாடியாக நடந்தால் தெரியும். ஒவ்வொரு தளத்திலும் வாட்டர் கூலர் ஆளில்லாத இருட்டில் தண்ணீரைக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன்கள் சுற்றும். 20 சதவீதம் கூட லோடு இல்லாத இரண்டு பெரிய யு.பி.எஸ்.கள் அருகருகே வெந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டைத் தணிக்க அந்த அறையில் ஒரு ஏ.சி. 18 டிகிரியில் ஓடும். மூன்று கான்ஃபரன்ஸ் அறைகளில் ஏ.சி. அணைக்கப்படவே இல்லை. ஒருவர் மேலும் தப்பில்லை. அணைப்பது யார் வேலை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரவு நடையில் கிடைக்கும் மிச்சத்துக்குப் பெரும்பாலும் முதலீடே தேவைப்படாது. ஒரு டைமர், ஒரு பொறுப்பாளர், ஓர் அட்டவணை போதும். பல நிறுவனங்கள் இந்தப் படியைத் தாவிவிட்டு நேரே மொட்டை மாடியில் சோலார் பேனல் போடப் போகின்றன. சோலார் நல்லது, ஆனால் 120 கிலோவாட்டில் 20 வீண் என்று தெரியாமல் 120-க்கும் சேர்த்துப் பேனல் போடுகிறவர், வீணுக்கும் முதல் போடுகிறார். வரிசை முக்கியம். முதலில் தேவையைக் குறைப்பது, பிறகு குறைந்த தேவைக்கு ஏற்ற அளவில் கருவி வாங்குவது, அதற்கும் பிறகுதான் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி.

இந்த வரிசையின் பலனை உலகம் முழுதும் எடுத்துக்காட்டும் கட்டடம் நியூயார்க்கில் இருக்கிறது. 1931-இல் திறக்கப்பட்ட 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடம். 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அதைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பழைய சில்லர்களைத் தூக்கிவிட்டு இன்னும் பெரிய குளிர்சாதன இயந்திரங்கள் வைப்பது அதில் ஒரு பகுதி. அதற்குள் ராக்கி மவுன்டன் இன்ஸ்டிட்யூட், ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லசால், கிளின்டன் பருவநிலை அமைப்பு ஆகியோர் சேர்ந்து கட்டடத்தின் எரிசக்திக் கணக்கை அடியிலிருந்து போட்டுப் பார்த்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட யோசனைகளைக் கணினி மாதிரியில் சோதித்து எட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009-இல் அறிவிப்பு வந்தது.

எட்டில் முதன்மையானது ஜன்னல். மொத்தம் 6,514 ஜன்னல்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள்தான், ஆனால் பழையவை. புதிது வாங்கவில்லை. அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு பட்டறை அமைத்தார்கள். இரவில் ஜன்னல்களைக் கழற்றிக் கொண்டுவந்து, கண்ணாடியைப் பிரித்துக் கழுவி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்றைப் பூட்டி, இடைவெளியில் வாயுவை நிரப்பி, அதே சட்டத்தில் திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியும் சட்டமும் ஏறக்குறைய முழுக்கப் பயன்பட்டன. ஜன்னலுக்குக் கீழே இருந்த ரேடியேட்டர்களின் பின்னால் வெப்பத்தை அறைக்குள் திருப்பும் தடுப்பு வைத்தார்கள். விளக்குகளையும் காற்றோட்டக் கட்டுப்பாட்டையும் திருத்தினார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். கட்டடத்தின் குளிர்பதனத் தேவை சுமார் 1,600 டன் குறைந்தது. பெரிய சில்லருக்குத் தேவையே போய்விட்டது. இருந்த சில்லர்களின் உள்பாகங்களை மாற்றியே சமாளித்துவிட்டார்கள். அதில் மிஞ்சிய முதலீடு மட்டும் ஒரு கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். எரிசக்திச் சீரமைப்புக்கென்று கூடுதலாகச் செலவானது ஒரு கோடியே 32 லட்சம் டாலர். திட்டமிட்ட மிச்சம் 38 சதவீத எரிசக்தி, வருடத்துக்கு 44 லட்சம் டாலர். ஜன்னலை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டிருந்தால் அது கட்டுப்படியாகாத செலவு என்று தள்ளியிருப்பார்கள். ஜன்னலால் சில்லர் சிறிதாகிறது என்று சேர்த்துப் பார்த்ததால்தான் கட்டுப்படியானது. கருவி கருவியாகப் பட்டியல் போடும் தணிக்கைக்கும் கட்டடத்தை முழுசாகப் பார்க்கும் தணிக்கைக்கும் உள்ள தூரம் இதுதான்.

நம் ஊர் மில்களுக்குத் திரும்பினால் அங்கே ஜன்னலின் இடத்தில் மோட்டாரும் ஃபேனும் இருக்கின்றன. நூற்பாலையின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ரிங் ஃபிரேம்கள் எடுத்துக்கொள்ளும். அடுத்த பெரிய பங்கு ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டுக்கு. நூல் அறுபடாமலிருக்க ஷெட்டின் ஈரப்பதத்தைக் காக்கும் ஏற்பாடு அது. 2008-க்குப் பிறகு சில வருடங்கள் நீடித்த மின்வெட்டில், டீசல் ஜெனரேட்டர் ஓட்டி மூச்சுத் திணறிய மில்கள் யூனிட் யூனிட்டாக எண்ணக் கற்றுக்கொண்டன. பிளாண்டில் இருந்த கனமான அலுமினிய ஃபேன் இறக்கைகளைக் கழற்றிவிட்டு இலேசான எஃப்.ஆர்.பி. பிளாஸ்டிக் இறக்கைகள் மாட்டினார்கள். அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில் ஃபேன்களுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் டிரைவ் வந்தது.

இன்வெர்ட்டர் டிரைவின் பின்னால் இருக்கும் விதி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் 80 சதவீதமாகக் குறையாது. ஏறத்தாழ 51 சதவீதமாகச் சரியும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்சாரம் கூடிக் குறைகிறது. காற்று அதிகம் என்று டேம்பரைப் பாதி மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு ஃபேனும், வால்வைப் பாதி மூடி வைத்திருக்கும் ஒவ்வொரு சுழற்சிப் பம்பும் இந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுத்து நிற்பவை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்புக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. உயரத்துக்குத் தூக்கும் வேலை வேகத்தைக் குறைத்தாலும் குறைவதில்லை. டிரைவ் விற்க வருகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்வதில்லை.

மோட்டார் ரீவைண்டிங் இன்னொரு விஷயம். எரிந்த மோட்டார் பட்டறைக்குப் போகும். பழைய காயில் எளிதில் கழன்று வரவேண்டும் என்று ஸ்டேட்டரை நெருப்பில் காட்டிச் சுடுவார்கள். சூடு மிதமிஞ்சினால் உள்ளே தகடுகளுக்கு இடையிலுள்ள வார்னிஷ் பூச்சு கருகி, இரும்பு இழப்பு கூடும். மோட்டார் ஓடும். சத்தமும் வராது. 15 கிலோவாட் மோட்டார் 90 சதவீதத் திறனிலிருந்து 88-க்கு இறங்கினால், முழு லோடில் 8,000 மணி நேரத்துக்கு 3,000 யூனிட் கூடுதல், 21,000 ரூபாய். அதே மோட்டாரை மூன்று முறை ரீவைண்டிங் செய்தவர்கள் புது மோட்டாரின் விலையை எப்போதோ மின்சாரத்தில் கட்டி முடித்திருப்பார்கள். மோட்டாரின் வாழ்நாள் செலவில் வாங்கிய விலை சிறு பங்கு, மீதியெல்லாம் கரண்ட். இதை மெயிண்டனன்ஸ் ஆட்கள் நன்றாக அறிவார்கள். பர்ச்சேஸ் பிரிவின் கொட்டேஷன் தாளில் அந்தக் கணக்குக்குக் கட்டம் கிடையாது.

ஆடிட்டர் சொல்வதை ஆலையின் பழைய ஆட்கள் எளிதில் ஏற்பதில்லை. ஏற்காததற்கு நியாயமும் உண்டு. கம்ப்ரசர் அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் 6 முதல் 10 சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்பது எல்லா அறிக்கையிலும் இருக்கும். "குறைச்சா ஆட்டோகோனர் மெஷின் நின்னு போகுமுங்க சார்" என்பார் இருபது வருடம் அங்கேயே இருக்கும் ஃபிட்டர். நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், ஆடிட்டர் இல்லை. நல்ல ஆடிட்டர் அறிக்கையைக் காட்டி வாதாட மாட்டார். "கால் பார் மட்டும் குறைச்சுப் பாப்பங்கண்ணா. நின்னா உடனே ஏத்திக்கலாம்" என்று பக்கத்திலேயே நிற்பார். ஒரு ஷிஃப்ட் ஓடும். எதுவும் நிற்காது. அடுத்த நாள் இன்னொரு கால் பார். கடைசியில் எந்த மெஷின் உண்மையிலேயே அந்த அழுத்தத்தைக் கேட்கிறது, எதற்கு அது தேவையில்லை என்று ஃபிட்டரே சொல்ல ஆரம்பிப்பார். அந்தத் தகவல் எந்தக் கருவியிலும் கிடைக்காது.

இவ்வளவு தெளிவான மிச்சம் இருந்தும் தணிக்கை அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில் தூங்குவது ஏன்? கட்டடம் ஒருவருடையது, கரண்ட் பில் கட்டும் வாடகைதாரர் வேறொருவர் என்றால் நல்ல ஏ.சி. வாங்க இருவருக்குமே ஆர்வம் இராது. அரசு அலுவலகங்களில் மின்கட்டணம் ஒரு கணக்குத் தலைப்பு, கருவி வாங்குவது வேறு தலைப்பு. ஒன்றில் மிச்சமாகும் பணத்தை மற்றதில் போட முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எஸ்கோ என்ற ஏற்பாடு வந்தது: ஒரு நிறுவனம் தன் பணத்தில் கருவிகளை மாற்றும், மிச்சமாகும் மின்சாரப் பணத்திலிருந்து தவணையாக எடுத்துக்கொள்ளும். நகராட்சித் தெருவிளக்குகள் எல்.இ.டி.க்கு மாறியதில் இந்த முறைக்குப் பங்கு உண்டு.

வருந்த வேண்டிய இன்னொரு போக்கு சான்றிதழுக்காகச் செய்யும் தணிக்கை. கல்லூரிகளுக்கு நாக் தரமதிப்பீட்டில் எனர்ஜி ஆடிட் அறிக்கை கேட்கப்படுகிறது. கேட்பது சரியே. ஆனால் அரைநாள் வந்து, விளக்குகளையும் ஃபேன்களையும் எண்ணி, வாட்டால் பெருக்கி, 'எல்.இ.டி. மாற்றவும், அணைத்துவிட்டுச் செல்லவும்' என்று எழுதித் தரும் அறிக்கையை எந்தக் கல்லூரியின் பெயர் போட்டும் கொடுத்துவிடலாம். அந்தக் கல்லூரி ஹாஸ்டலின் ஃபேன்கள் எத்தனை மணி நேரம் சுற்றுகின்றன, லேப் ஏ.சி.யின் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடுகிறது என்று அதில் இருக்காது. சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட்டுக்கு மேல் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட்டை ஒட்டித் தரும். நாளுக்கு 15 மணி நேரம் சுற்றும் ஹாஸ்டல் அறையில் அதை மாற்றினால் போட்ட பணம் சில வருடத்தில் திரும்பும். வாரத்துக்கு இருமுறை திறக்கும் கருத்தரங்கக் கூடத்தில் திரும்பவே திரும்பாது. இரண்டையும் பிரித்துச் சொல்லாத அறிக்கைக்குக் கொடுத்த கட்டணம் வீண்.

மாற்றிய பிறகு அளப்பது மாற்றுவதற்கு முன் அளப்பதைவிடக் கடினமான வேலை. இந்த வருடம் பில் குறைந்தது என்றால் அது புது சில்லரால் குறைந்ததா, மழைக்காலம் நீண்டதால் குறைந்ததா? ஹைதராபாத் போச்சாரம் வளாகத்தில் இன்ஃபோசிஸ் இந்தக் கேள்விக்கு ஒரு கட்டடத்தையே சோதனைக்கூடமாக்கியது. 2011-இல் தயாரான அந்த அலுவலகத்தை ஒரே மாதிரியான இரண்டு பாதிகளாகக் கட்டினார்கள். ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி., நன்றாகச் செப்பனிடப்பட்டது. மறுபாதியில் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டுத் தளத்தையே குளிர வைக்கும் முறை. ஒரே வெயில், ஒரே வேலை நேரம். இரண்டாவது பாதியின் குளிர்சாதனம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக மின்சாரம் எடுத்தது.

எல்லோராலும் கட்டடத்தைப் பாதியாகப் பிரிக்க முடியாது. அதனால் உற்பத்தியையோ பரப்பளவையோ வைத்து வகுத்துப் பார்க்கிறார்கள். அலுவலகங்களுக்குச் சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற அளவுகோல். பி.இ.இ. 2009-இல் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது இதை வைத்துத்தான். மில்காரர்கள் பேசுவது யூ.கே.ஜி., ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட். மெல்லிய நூலுக்கு யூனிட் அதிகம் என்பதால் எல்லாவற்றையும் 40-ஆம் நம்பர் நூலுக்குச் சமமாக மாற்றிக்கொண்டுதான் மில்லுக்கு மில் ஒப்பிடுவார்கள். 1956 முதல் கோவையில் இயங்கும் சிட்ரா ஆராய்ச்சிச் சங்கம் இப்படிப்பட்ட ஒப்பீடுகளுக்காகவே மில்களிடையே மதிக்கப்படுகிறது. பக்கத்து மில்லின் யூ.கே.ஜி. தன்னுடையதைவிடக் குறைவு என்று தெரிந்த முதலாளிக்கு வேறு தூண்டுதல் தேவைப்படுவதில்லை.

சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 'பீஸ்' திட்டம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பித்தால் தணிக்கைக் கட்டணத்தில் ஒரு பகுதியையும், தணிக்கை சொன்னபடி இயந்திரம் மாற்றிய செலவில் ஒரு பகுதியையும் திரும்பப் பெறலாம். ஆடிட்டரை அமர்த்தும்போது மூன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: எத்தனை நாள் கருவி மாட்டி அளப்பீர்கள், இரவிலும் விடுமுறையிலும் வருவீர்களா, மாற்றம் செய்த பிறகு மறுபடி அளந்து தருவீர்களா.

அதற்கு முன்பே எந்தப் பள்ளியும் கடையும் மண்டபமும் தானே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒரு வாரத்துக்குத் தினமும் கடைசி ஆள் பூட்டிவிட்டுப் போகும்போது மீட்டர் ரீடிங்கை எழுதுவது, காலையில் முதல் ஆள் திறக்கும்போது மறுபடி எழுதுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடைப்பட்ட மணி நேரத்தால் வகுத்தால் பூட்டிய கட்டடம் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று வந்துவிடும். பிறகு பேனலில் ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்தால், எதை இறக்கும்போது மீட்டர் நிதானமாகிறது என்று தெரியும்.